எட்டெழுத்துக்கு இடம் விட்டவர்

நான் ஒருவரைப் பார்த்து ஒளிந்துகொண்டது வாழ்க்கையில் ஒரே ஒரு தடவைதான். ராயபுரத்தில், மாதா கோயிலுக்குப் போகிற வழியில் இருந்த மீன் கடைகளில். அந்த அம்மாள் ஒரு சங்கரா மீனின் செவுளைத் தூக்கிப் பார்த்து, எந்தப் படகில் வந்தது, எத்தனை மணிக்குக் கரைக்கு வந்தது, எப்போது ஐஸில் வைத்தது என்று மீன்காரியைக் குடைந்துகொண்டிருந்தார். தலை நரைத்திருந்தது. கண்ணாடி மாறியிருந்தது. குரல் மட்டும் அதேதான். நான் ஐஸ் வண்டிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். அவர் மீனை வாங்கி, பையைக் கைமாற்றிப் பிடித்து, தெருமுனை திரும்புகிற வரைக்கும் அசையவில்லை. ஐஸ் உருகிய தண்ணீரில் என் செருப்பு நனைந்துபோனது.

அவர் எனக்கு ஒரு கெடுதலும் செய்தவர் இல்லை. என்மேல் பிரியமாகத்தான் இருந்தார். ஆனால் அவரிடம் ஒரு கேள்வி உண்டு. யாரைப் பார்த்தாலும், எதைப் பற்றிப் பேசினாலும் அந்தக் கேள்வி வந்துவிடும். அதை என்னிடம் கேட்டுவிடுவாரோ என்றுதான் பயந்தேன். அந்தப் பயம் இன்றைக்கும் போகவில்லை.

அறுபதுகளின் கடைசியில் நாங்கள் இருவரும் திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் இருந்த ஒரு இரும்பு வார்ப்படத் தொழிற்சாலையின் ஆபீஸில் வேலை பார்த்தோம். அவர் டைப்பிஸ்ட், நான் டெலிபோன் ஆபரேட்டர். ஒரே அறை, நடுவில் பச்சை பெயிண்ட் அடித்த ஒரு தட்டி. என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. மேனேஜரிலிருந்து கூட்டுகிறவர் வரைக்கும் எல்லோருக்கும் அவர் 'மிஸ்'. நானும் அப்படித்தான் கூப்பிட்டேன். பெயர் வேண்டாம். சொன்னால் ராயபுரத்தில் பாதிப் பேர் அடையாளம் கண்டுகொள்வார்கள்.

தொழிற்சாலையில் யாருக்காவது அடிபட்டால் முதல் மணி என் போர்டில்தான் அடிக்கும். ஷெட்டிலிருந்து யாராவது கத்துவார்கள், நான் ஆஸ்பத்திரி வண்டிக்குச் சொல்வேன். அப்புறம் போர்மேன் பென்சிலால் கிறுக்கிய ஒரு குறிப்பு தட்டிக்கு அந்தப் பக்கம் போகும். அதைப் பார்த்து மிஸ் விபத்து அறிக்கை அடிப்பார், நாலு கார்பன் வைத்து. எப்படி நடந்தது என்ற இடத்தில் எல்லா போர்மேன்களும் ஒரே மாதிரிதான் எழுதுவார்கள். இன்னார் வேலை செய்துகொண்டிருந்தபோது 'சடன்லி' சங்கிலி அறுந்தது. 'சடன்லி' பெட்டி சரிந்தது. 'சடன்லி' நெருப்பு தெறித்தது. அவர்களுக்குத் தெரிந்த இங்கிலீஷில் பாதி அந்த வார்த்தைதான் என்று மிஸ் சொல்வார்.

அந்த வார்த்தை வந்ததும் மிஷின் நின்றுவிடும். போர்டில் உட்கார்ந்திருக்கும் எனக்குச் சத்தத்தை வைத்தே தெரியும். கொஞ்ச நேரம் ஒன்றும் கேட்காது. பிறகு இடம் விடுகிற வெறும் கட்டையை எட்டுத் தடவை தட்டுகிற சத்தம் வரும். இங்கிலீஷில் அந்த வார்த்தைக்கு எட்டெழுத்து. அந்த எட்டெழுத்துக்கு இடம் விட்டுவிட்டு மிச்சத்தை அடித்து முடிப்பார். தாளை உருளையிலிருந்து எடுக்காமலே மிஷின்மேல் துணியைப் போர்த்திவிட்டு, கறுப்புக் குடையை எடுத்துக்கொண்டு ஷெட்டுக்குக் கிளம்புவார். ஷெட்டுக்குள் மழையும் இல்லை, வெயிலும் இல்லை. குடை எதற்கு என்று கேட்டதற்கு, மேலே இருந்து எது எப்போது விழும் என்று யார் கண்டது என்றார். நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

ஷெட்டில் அவர் கேட்பது ஒன்றுதான். சங்கிலி அறுந்ததா, சரி. "எப்போலருந்து?"

அறுந்தது இன்றைக்கு என்பான் போர்மேன். அது இல்லை, எப்போதிலிருந்து அறுந்துகொண்டிருந்தது என்பார் இவர். சுமை ஏற்றி இறக்குகிற கலாசிகளில் யாராவது வாயைத் திறந்து, போன வாரமே ஒரு கண்ணி நீண்டிருந்தது என்பான். போர்மேன் அவனை முறைப்பான். மிஸ் அதை ஒரு கோடு போட்ட நோட்டில் எழுதிக்கொண்டு திரும்பி வருவார். அறிக்கை மட்டும் எட்டெழுத்து ஓட்டையோடு மேனேஜர் கையெழுத்துக்குப் போகும். அவர் படிக்காமலே கையெழுத்துப் போடுகிறவர். அதைப் படித்த இன்ஸ்பெக்டர்கள் டைப் மிஷினில் ஏதோ கோளாறு என்று நினைத்திருப்பார்கள்.

போர்மேன்களுக்கு இது பெரிய பேஜாராகப் போனது. சடன்லி போட்டால்தானே இந்த அம்மா குடையைத் தூக்கிக்கொண்டு வருகிறாள் என்று, ஒவ்வொருத்தனும் வேறு வேறு வார்த்தையாகப் போட்டுப் பார்த்தான். ஒருவன் 'அப்ரப்ட்லி' என்று எழுதினான். எங்கே பிடித்தானோ. அதற்கும் போய் நின்றார். அப்ரப்ட்லி என்றால் ஒடித்து எடுத்தது என்று அர்த்தம், அப்படியென்றால் ஒடிந்த துண்டு எங்கே, பழைய ஒடிசலா புது ஒடிசலா, காட்டு என்றார். இன்னொருவன் 'அன்எக்ஸ்பெக்டட்லி' போட்டான். யாருமே எதிர்பார்த்துப் பார்த்துக்கொண்டிருக்கவில்லை என்பது அதன் பொருள், பார்க்க வேண்டியவர் யார், அவர் பெயரையும் பக்கத்தில் போடட்டுமா என்று கேட்டார். அவன் அவசரமாக அந்த வார்த்தையின்மேல் கோடு போட்டு அடித்துவிட்டான். 'ஆல் அட் ஒன்ஸ்' என்று எழுதியவனிடம், எல்லாம் ஒரே சமயத்தில் என்றால் எது எதெல்லாம் என்று வரிசையாகச் சொல்லச் சொன்னார்.

கடைசியில் ஒரு வயதான போர்மேன் கையெடுத்துக் கும்பிட்டு, "எம்மா, உன் இங்கிலீசே வேணாம். தமிழ்ல திடீர்னு எழுதிக்கோ, ஆள வுடு" என்றார். மிஸ் அதை மத்தியானம் சாப்பிடும்போது என்னிடம் சொல்லி நிரம்ப நேரம் யோசித்தார். திடீர், திடுக்கென்று, தடாலென்று, பொசுக்கென்று, சட்டென்று என ஒவ்வொன்றாக விரலை மடக்கினார். நம் பாஷையில் இருப்பதெல்லாம் சத்தம்தான் என்றார். விழுந்த பிறகு கேட்கிற சத்தம். வந்த வழி அதில் இல்லையாம்.

வந்த வழி இங்கிலீஷ் வார்த்தைக்குள் இருக்கிறது என்று காட்டினார். மூர் மார்க்கெட்டில் வாங்கிய, அட்டை போன ஒரு தடித்த அகராதி அவர் மேசையில் இருக்கும். மேசையில் வைத்தால் தானாக ஒரே பக்கத்தில்தான் திறந்துகொள்ளும். பூசை லத்தீனில் நடந்த காலத்தில் கோயில் பாட்டுக் குழுவில் பாடியவர், அதனால் அவருக்குக் கொஞ்சம் லத்தீன் காதில் விழுந்திருந்தது. 'சுப்' என்றால் கீழே. 'ஈரே' என்றால் போவது. இரண்டும் சேர்ந்து, கண்ணில் படாமல் கீழாகவே வந்து சேர்வது என்று ஆகுமாம். அந்தச் சொல்தான் தேய்ந்து தேய்ந்து சடன் ஆனதாம்.

"பாத்தியா, வந்துகினேதான் இருந்துது. இவனுங்கதான் குனிஞ்சி பாக்கல" என்றார்.

எனக்கு அந்தப் பக்கத்தைப் பார்க்கவே பிடிக்கவில்லை. அன்று மாலை வீட்டுக்கு நடக்கும்போது காலடியில் எதையோ தேடித் தேடி நடந்தேன். இயல்பிலேயே நான் பயந்தாங்கொள்ளி. போர்டில் மணி அடித்தால் முதலில் ஷெட்டுப் பக்கம்தான் பார்ப்பேன், ஏனென்றால் என் புருஷனுக்கு வேலை அதே ஷெட்டில்தான். அவரும் கலாசி. கிரேன் இறக்குகிற சுமையைக் கீழே நின்று வாங்குகிற வேலை.

மிஸ்ஸுக்கு இந்தப் பித்து எங்கிருந்து வந்தது என்று முதலில் எனக்குத் தெரியாது. ஆபீஸில் ஆளுக்கொன்று சொன்னார்கள். அது ஷெட்டோடு நிற்கவும் இல்லை. பியூனின் மகள் வீட்டைவிட்டு ஒரு பையனோடு போய்விட்டபோது, அந்த ஆள் அழுதுகொண்டே திடீர் என்று போய்விட்டாள் என்றார். மிஸ் அவருக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டு, எப்போதிலிருந்து அவள் தண்ணி பிடிக்க இரண்டு தெரு தள்ளிப் போனாள் என்று கேட்டார். பியூன் அழுகையை நிறுத்திவிட்டு மாசக் கணக்கை யோசிக்க ஆரம்பித்தார். நாங்கள் எல்லோரும் சிரித்தோம். ஆனால் என் தலைக்கு மேலே சுவரில் இருந்த விரிசலை அவர் பார்த்துக்கொண்டிருந்தது தெரிந்தபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை.

போர்டுக்கு நேர் மேலே, உத்தரத்தின் ஓரமாக ஒரு விரிசல். அது எங்கே முடிகிறதோ அங்கே பென்சிலால் ஒரு சின்னக் கோடு, பக்கத்தில் 'தை' என்று எழுதியிருந்தது. ஒரு விரற்கடை தள்ளி இன்னொரு கோடு, 'மாசி'. அதற்கும் தள்ளி 'பங்குனி'. நான் இல்லாத நேரத்தில் ஸ்டூல் போட்டு ஏறி மாதா மாதம் குறித்திருக்கிறார். சொன்னால் பயப்படுவாய் என்று சொல்லவில்லை என்றார். அன்றைக்கே என் நாற்காலியையும் போர்டையும் அவரே ஆள் வைத்து நகர்த்தினார். அடுத்த மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆபீஸில் யாரும் இல்லாதபோது, அந்தக் காரை கூடை கூடையாக உதிர்ந்து விழுந்தது.

எனக்கு உயிர் போய் வந்தது. ஆபீஸில் வேறு மாதிரி பேசினார்கள். அந்த அம்மாவுக்குக் கருநாக்கு, வாயை வைத்தால் விழாமல் இருக்குமா என்றார்கள். அதற்கப்புறம் அவர் குடையோடு ஷெட்டுக்குள் நுழைந்தால் சிலர் தள்ளிப்போனார்கள். அவர் ஒரு மெஷினை உற்றுப் பார்த்தால் அங்கே நிற்பவன் மார்பைத் தடவிக்கொண்டான். எனக்கும் உள்ளுக்குள் அந்த எண்ணம் இருந்தது. அவர் என் புருஷனைப் பார்த்து நலம் விசாரித்தால்கூட வேண்டாமே என்று இருக்கும்.

ஒரு நாள் அகராதி திறந்துகொள்ளும் அந்தப் பக்கத்தில் இருந்த கடிதத்தைக் காட்டினார். அவர் அப்பா துறைமுகத்தில் வேலை செய்தவர், கப்பலிலிருந்து இறக்கும் மூட்டைகளுக்குக் கயிறு மாட்டுகிறவர். கயிறு அறுந்து மூட்டைகள் அவர்மேல் விழுந்தன. மூன்றாம் நாள் வீட்டுக்கு ஒரு இங்கிலீஷ் கடிதம் வந்தது. வீட்டில் இங்கிலீஷ் தெரிந்தவர் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த மிஸ் மட்டும்தான். அம்மாவுக்குப் படித்துக் காட்டினார். நடுவில் அந்த வார்த்தை. என்ன அர்த்தம் என்று அம்மா கேட்டார். திடீர்னு என்று இவர் சொன்னார்.

"திடீர்னா? ஒரு மாசமா சோத்துத் தட்டு முன்னாடி குந்திகினு சொல்லிகினே இருந்தாரே, கயிறு நூலு நூலா வருதுன்னு. நாமதான் கொழம்பு ஊத்திகினு இருந்தோம்." அம்மா சொன்னதை மிஸ் அப்படியே என்னிடம் சொன்னார். சொல்லிவிட்டு அகராதியை மூடிவிட்டு எழுந்து போனார்.

அன்று ராத்திரிச் சாப்பாட்டுக்கு என் புருஷன் உட்கார்ந்தபோது முதல் தடவையாக நான் அவர் பேசுவதைக் காது கொடுத்துக் கேட்டேன். கல்யாணமாகி ஆறு வருஷம். அதுவரைக்கும் அவர் ஷெட்டு விஷயம் பேசினால் ஊம் கொட்டிக்கொண்டே அப்பளம் பொரிப்பேன். அன்று கேட்டேன். கிரேன்காரர் மேலே கூண்டில் இருந்து சுமையை நிறுத்தினால் அது நின்ற இடத்தில் நிற்பதில்லை, பிரேக் வழுக்கி நாலு விரல் கீழே இறங்கித்தான் நிற்கிறது என்றார். நாலு விரலைத் தட்டுக்கு மேலே நீட்டிக் காட்டினார். கிரேன்காரர் கெட்டிக்காரர், நாலு விரல் மேலேயே நிறுத்திவிடுகிறார், சுமை சரியாக வந்து கட்டைமேல் உட்காருகிறது என்று பெருமையாகச் சொன்னார். அந்தக் கட்டையைச் சுமைக்கு அடியில் கையால் தள்ளி வைப்பது இவர் வேலை.

"எப்போலருந்து?" என்று என் வாயிலிருந்து வந்தது. எனக்கே தூக்கிவாரிப்போட்டது.

சித்திரையிலிருந்து என்றார். ஆபீஸில் சொல்வதுதானே என்றேன். சொன்னால் கிரேனை நிறுத்துவார்கள், கிரேன் நின்றால் ஷெட்டே நின்றுவிடும், பாதிப் பேரை வீட்டுக்குப் போகச் சொல்வார்கள். அதனால் யாரும் சொல்லவில்லை. நானும் யாரிடமும் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டார். ஆடி மாதம் அவர் தட்டுக்கு மேலே காட்டியது நாலு விரல் இல்லை, ஒரு சாண். கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் விரித்து அவர் காட்டினார். சத்தியத்தை மீறி மறுநாள் மிஸ்ஸிடம் சொல்லிவிட்டேன். என் புருஷன் பெயரைச் சொல்லிவிடாதீர்கள் என்று மட்டும் கெஞ்சினேன். மிஸ் நோட்டை எடுத்து, சித்திரை நாலு விரல், ஆடி ஒரு சாண் என்று இரண்டு வரி எழுதினார்.

ஆயுத பூஜை அன்று ஷெட்டுக்குக் குடும்பத்தோடு போவது எங்கள் வழக்கம். மெஷினுக்கெல்லாம் சந்தனம், குங்குமம், வாழைக் கன்று. கிரேன் கொக்கிக்கு ஆளுயர மாலை. அன்றைக்குக் கிரேன்காரர் ஒரு வித்தை காட்டுவது உண்டு. தரையில் ஒரு எலுமிச்சம்பழம் வைப்பார்கள். அவர் ஒரு பெரிய வார்ப்படத்தைத் தூக்கி வந்து, பழம் நசுங்காமல் அதைத் தொட்டும் தொடாமலும் நிறுத்த வேண்டும். பழத்தை வைத்தவர் கன்னியப்பன், என் புருஷனின் தோஸ்து, பக்கத்து வரிசை வீட்டுக்காரர். அவர்கள் இருவரும் மாற்றி மாற்றிக் கிரேனுக்குக் கீழே நிற்பவர்கள். "அண்ணி, பயம் இன்னாத்துக்கு, பயத்த தொட்டா நாளைக்கு ஜூஸ் போட்டுக் குடுக்கறேன்" என்று பழத்தைக் காட்டி என்னைக் கிண்டல் செய்தார். அவர் பழத்தைப் பயம் என்றுதான் சொல்வார்.

சுமை வந்தது. மேலே நின்றது. ஒரு நொடி எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். பிறகு அது தானாக இறங்க ஆரம்பித்தது. மெதுவாக, சத்தமே இல்லாமல், ஒரு சாணுக்கும் அதிகமாக இறங்கி, பழத்தின் தோலைத் தொட்டு நின்றது. ஷெட்டே கைதட்டியது. குழந்தைகள் விசில் அடித்தார்கள். கிரேன்காரர் கூண்டிலிருந்து கும்பிட்டார். பிரேக் வழுக்குவதைத்தான் நாங்கள் கைதட்டிக் கொண்டாடினோம். நானும் தட்டினேன், என் புருஷன் பார்த்துக்கொண்டிருந்தாரே.

மிஸ் என் மணிக்கட்டைப் பிடித்திருந்தார். விரல்கள் ஜில்லென்று இருந்தன. "மாதாவே, கீழாலயே வருது" என்றார். யாருக்கும் கேட்கவில்லை.

மறுநாள் லீவு. அதற்கு மறுநாள் மத்தியானம் தட்டிக்கு அந்தப் பக்கம் மிஷின் சத்தம் நிற்காமல் கேட்டது. யாருக்கும் அடிபடவில்லை, என்ன அடிக்கிறார் என்று எட்டிப் பார்த்தேன். விபத்து அறிக்கைப் படிவம். கிரேன் சுமை இறங்கி ஆள் அடிபட்டதாக முழு அறிக்கையும் அடித்து வைத்திருந்தார். சித்திரையில் நாலு விரல், ஆடியில் ஒரு சாண், ஆயுத பூஜை அன்று எல்லோர் முன்னாலும் சாணுக்கு மேல் என்று எல்லாம் வரிசையாக இருந்தது. எட்டெழுத்துக்கு இடமே விடவில்லை. தேதிக்கும் அடிபட்டவர் பெயருக்கும் மட்டும் இடம் விட்டிருந்தார். அந்த இடத்தைப் பார்த்ததும் என் புருஷன் பெயருக்கு அது போதுமா என்று மனதுக்குள் எழுத்துகளை எண்ணினேன். சரியாகப் பொருந்தியது.

அதை அவர் மேனேஜர் கையெழுத்துப் போடும் கோப்பில் மற்ற கடிதங்களோடு வைத்துவிட்டார். வழக்கம்போல் படிக்காமல் கையெழுத்துப் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்குமோ, அன்றைக்கென்று அவர் படித்துவிட்டார். சாயங்காலத்துக்குள் தொழிற்சாலை முழுக்கத் தெரிந்துபோனது. சாவதற்கு முன்னாலேயே கருமாதிப் பத்திரிகை அடித்துவிட்டாள் என்று ஷெட்டில் கொதித்தார்கள். கிரேன்காரர் வேலையை விட்டுப் போவேன் என்றார். என் புருஷன் வீட்டில் சாப்பிடாமல் எழுந்தார்.

மேனேஜர் முதலில் மிஸ்ஸைக் கூப்பிட்டார். நாலு விரல், சாண் எல்லாம் யார் சொன்னது என்று கேட்டிருக்கிறார். மிஸ் சொல்லவில்லை. பிறகு என்னைக் கூப்பிட்டார், ஒன்றாகச் சாப்பிடுகிறவர்கள் ஆயிற்றே. அவர் நல்ல மனிதர். உன் புருஷன் அங்கேதானே வேலை செய்கிறான், அவன் ஏதாவது சொன்னானா, சொல்லியிருந்தால் இப்போதே கிரேனை நிறுத்திப் பார்த்துவிடலாம் என்று பொறுமையாகத்தான் கேட்டார். பக்கத்தில் போர்மேன் நின்றுகொண்டிருந்தான். என் வீட்டுக்காரரின் வேலை என் கண்முன்னால் வந்து நின்றது.

"எனக்கு ஒண்ணும் தெரியாது சார்" என்றேன்.

கிரேன்காரரைக் கேட்டார்கள், பிரேக் நன்றாக இருக்கிறது என்றார். அவ்வளவுதான். மிஸ்ஸை மாத்தூர் பக்கம் இருந்த கிடங்குக்கு மாற்றினார்கள். அங்கே டைப் அடிக்க ஒன்றும் கிடையாது, வந்த சாமான், போன சாமான் எழுதுகிற வேலை. கிளம்புகிற அன்று அகராதியையும் குடையையும் எடுத்துக்கொண்டார். என்னைத் திட்டவில்லை. முகத்தைத் திருப்பிக்கொள்ளவும் இல்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

"வூட்ல கேட்டுகினே இரும்மா. சொல்ல சொல்ல கேளு" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினார்.

கேட்டேன். தினமும் கேட்டேன். ஐப்பசி முழுக்க, அடைமழையில் நனைந்து வந்து அவர் தலை துவட்டும்போதே இன்றைக்கு எவ்வளவு என்று கேட்டேன். முதலில் எரிந்து விழுந்தார். பிறகு பழகிப்போய், வாசலில் நுழையும்போதே விரலைக் காட்டிவிட்டுப் போனார். சாண், சாணும் நாலு விரலும், ஒன்றரைச் சாண். கார்த்திகையில் ஒரு நாள் அவர் விரலைக் காட்டவில்லை. முழங்கையை மடக்கி, நுனிவிரல் வரைக்கும் தடவிக் காட்டினார். ஒரு முழம். சிரித்துக்கொண்டேதான் காட்டினார். கிரேன்காரர் ஒரு முழம் மேலேயே நிறுத்துகிறாராம், அவருக்குக் கை அளவு பிசகாதாம்.

விடிந்ததும் நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு படுத்தேன். எனக்கு ஒரு வலியும் இல்லை. துடித்தேன், கத்தினேன், வேண்டுமென்றே விரலை விட்டு வாந்தி எடுத்தேன். பயந்துபோன மனிதர் ரிக்‌ஷா கொண்டுவந்து ஆஸ்பத்திரிக்கு இட்டுப்போனார். போகிற வழியில் சைக்கிளில் எதிரே வந்த கன்னியப்பனிடம், இன்றைக்கு என் இடத்தில் நீ நில்லு என்று சொன்னார். "நான் பாத்துக்கறேன் மாமு, நீ அண்ணிய பாரு" என்றார் அவர். நான் ரிக்‌ஷாவுக்குள் கண்ணை மூடிக்கொண்டிருந்தேன். வாயைத் திறக்கவில்லை.

அன்றைக்கு ஒரு நாள் தப்பினால் போதும் என்று இருந்தது எனக்கு. நாளைக்கு என்ன செய்வது என்றோ, அந்த இடத்தில் வேறு யாராவது நிற்பார்களே என்றோ யோசித்தேனா? யோசித்தேன். யோசிக்கவில்லை என்று சொன்னால் பொய். யோசித்துவிட்டுத்தான் கண்ணை மூடினேன்.

மத்தியானம் மூன்று மணிக்கு ஷெட்டிலிருந்து ஆள் வந்தார். கட்டையைத் தள்ளி வைத்த கன்னியப்பனின் கை வெளியே வருவதற்குள் சுமை இறங்கிவிட்டது, கையோடு நிற்கவில்லை, மார்புவரை. ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே போய்விட்டார். மறுநாள் மூலக்கொத்தளத்தில் அடக்கம். கன்னியப்பன் பெண்ஜாதி என் தோளில்தான் சாய்ந்து அழுதாள். உன் வூட்டுக்காரரையாவது உன் வயித்து வலி காப்பாத்திச்சே என்று சொல்லிச் சொல்லி அழுதாள்.

அடக்கத்துக்கு மறுநாள் நான் போர்டில் இருந்தேன். தட்டிக்கு அந்தப் பக்கம் புதிதாக வந்திருந்த டைப்பிஸ்ட் பெண், கெட்டிக்காரி, விறுவிறு என்று அடிக்கிறவள். போர்மேன் குறிப்பைக் கொடுத்துவிட்டுப் போனான். நான் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மிஷின் சத்தம் ஆரம்பித்தது. இப்போது நிற்கும், இப்போது நிற்கும் என்று இருந்தேன். நிற்கவே இல்லை. ஒரே மூச்சில் கடைசிவரை போய், வரி முடிகிற மணி அடித்து, தாள் உருவுகிற சத்தம் கேட்டது. நான் எழுந்துபோய் நாலு வார்த்தை சொல்லியிருக்கலாம். மிஸ்ஸின் நோட்டில் இருந்ததெல்லாம் எனக்கு மனப்பாடம். அதற்குள் போர்டில் மணி அடித்தது, எடுத்துப் பேசினேன். அந்த வாரமே பிரேக்கை மாற்றினார்கள்.

என் புருஷன் தினமும் கன்னியப்பன் வீட்டு வாசலில் போய் உட்கார்ந்துவிட்டு வந்தார். பத்தாம் நாள் காரியமெல்லாம் முடிந்து, அன்று சாயங்காலம்தான் சோற்றில் ஒழுங்காகக் கை வைத்தார். நான் குழம்பு ஊற்றினேன். பிசைந்துகொண்டே இருந்தவர் நிறுத்திவிட்டு, என்னை நிமிர்ந்து பார்த்தார். சந்தேகம் ஒன்றும் இல்லை அந்தப் பார்வையில். எனக்கு உடம்பு எப்படி இருக்கிறது என்று இத்தனை நாள் கேட்கவில்லையே என்கிற கவலைதான் இருந்தது.

"அன்னிக்கு வயித்து வலின்னியே, அது எப்போலருந்து இருந்துச்சு ஒனக்கு?"

கரண்டி என் கையில் இருந்தது. குழம்பு தட்டின் ஓரத்தில் சொட்டிக்கொண்டிருந்தது.

"இல்லய்யா. திடீர்னு வந்துச்சு" என்றேன்.

அவர் தலையை ஆட்டிவிட்டுச் சாப்பிட ஆரம்பித்தார்.